தேதி தள்ளிப்போடும் மாத்திரையும் ஒரு தலைவலியும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் பக்கவாதம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகத்தான் இருந்தது. வாய் கோணுவது, கையைத் தூக்க முடியாமல் போவது, பேச்சு குழறுவது, உடனே 108க்கு போன் போடுவது, எல்லாம் சரி. ஆனால் படத்தில் இருந்தவருக்குத் தலை முழுக்க நரை, கட்டுரை முழுக்க பிரஷர், சுகர், சிகரெட். வீட்டில் பிளஸ் டூ படிக்கிற பிள்ளை இருக்கிறவர்கள் "இது நமக்கில்லை" என்று அந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டு ராசிபலனுக்குப் போயிருப்பார்கள். அவர்களுக்கும் சொல்ல வேண்டிய ஒரு சங்கதி அதில் விடுபட்டுப்போயிற்று. அதற்காகத்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தமனி ரத்தத்தைக் கொண்டுவரும், சிரை திருப்பி எடுத்துப்போகும் என்று பல வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள் நான். வழக்கமாக நாம் பேசுகிற பக்கவாதம் தமனி சம்பந்தப்பட்டது. நான் சொல்ல வருவது மூளையின் சிரைகளில் ரத்தம் கட்டிக்கொள்வது. மண்டையோட்டுக்கு உட்புறம், மூளையைப் போர்த்தியிருக்கிற உறையின் மடிப்புகளுக்குள்ளே அகலமான சிரைக் கால்வாய்கள் ஓடுகின்றன. ஒன்று உச்சந்தலையில் முன்னிருந்து பின்னாகப் போகிறது, மற்ற இரண்டு பக்கவாட்டில் இறங்கி, காதுக்குப் பின்னால் வளைந்து கழுத்துக்குப் போகின்றன. இவற்றில் எங்காவது ரத்தம் உறைந்து அடைத்தால் உள்ளே வந்த ரத்தத்துக்கு வெளியே போக வழியில்லை. வேளச்சேரியில் ஒரு மழைக்காலம் குடியிருந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், வடிகால் அடைத்தால் தண்ணீர் எந்தப் பக்கம் வரும் என்று அவர்களுக்குத் தெரியும். மண்டைக்குள் அழுத்தம் ஏறும், மூளை வீங்கும், சிலருக்குச் சின்னச் சிரைகள் தாங்காமல் ரத்தம் கசியும், வலிப்பு வரும்.

அபூர்வமான நோய்தான், பயமுறுத்துவதற்கு எழுதவில்லை. மொத்தப் பக்கவாதங்களில் இது 0.5 முதல் 1 சதவீதம் என்கிறார்கள். கனடாவில் குழந்தைகளிடம் எடுத்து 2001இல் வெளிவந்த கணக்குப்படி ஒரு லட்சம் குழந்தைகளில் ஆண்டுக்கு 0.67 பேர், அதிலும் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் பிறந்து சில நாளே ஆன சிசுக்கள். ஆனால் மற்ற பக்கவாதம் கிழவர்களைத் தேடும், இது இளசுகளைத் தேடும். நம் நாட்டில் மேலைநாடுகளைவிட இதை அதிகம் பார்க்கிறோம் என்று நரம்பியல் மருத்துவர்கள் வெகுகாலமாகச் சொல்லிவருகிறார்கள், முக்கியமாகப் பிரசவமான பெண்களிடம். பிரசவ வார்டில் இருக்கிற இந்த எச்சரிக்கை பள்ளிக்கூடப் பெண்கள் பக்கம் இன்னும் வந்து சேரவில்லை, அதுதான் என் குறை.

என் தங்கை மகள் பிளஸ் டூ முடித்த கையோடு, கோடை விடுமுறையில், குடும்பத்தோடு குலதெய்வம் கோயிலுக்குக் கிளம்பினார்கள். அவளுக்கு மாதவிலக்குத் தேதி அந்த வாரம்தான். வீட்டுப் பெரியவர்கள் வழக்கமாகச் செய்வதைத்தான் செய்தார்கள், தெருமுனை மருந்துக்கடையில் தள்ளிப்போகிற மாத்திரை வாங்கி, ஒரு நாளைக்கு மூன்று என்று ஆரம்பித்தார்கள். சென்னையிலிருந்து திருநெல்வேலிப் பக்கம் வேனில் பயணம், சித்திரை வெயில், வழியில் கழிப்பறை எப்படி இருக்குமோ என்று பெண்பிள்ளைகள் எல்லோரும் தண்ணீரைத் தொடவே இல்லை. ஏற்கெனவே ரத்தசோகை உள்ள பெண், நகக்கண்ணெல்லாம் வெளுத்திருக்கும். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பெரிய விஷயமில்லை. இந்த நோய் பெரும்பாலும் அப்படித்தான் வருமாம், ஒரே காரணம் என்று கைகாட்ட முடியாது, இரண்டு மூன்று சேர்ந்துகொள்ளும்.

ஊருக்குத் திரும்பியதும் தலைவலி. இங்கேதான் எல்லோரும் ஏமாந்துபோகிற இடம். இந்த நோய் வந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்குத் தலைவலி இருக்கும், சிலருக்கு ஆரம்பத்தில் அது ஒன்றுதான் இருக்கும். கை கால் நன்றாக வேலை செய்யும், வாய் கோணாது, பேச்சு தெளிவாக இருக்கும். நீங்கள் போட்ட அடையாளங்களை வைத்துச் சோதித்தால் அவள் பாஸ். நான்தான் சொன்னேனே, பிளஸ் டூ முடித்த பெண், ரிசல்ட் வரப்போகிறது, கல்லூரி விண்ணப்பம் வேறு. "டென்ஷன்மா, தூங்கினா சரியாயிடும்" என்றார் முதல் டாக்டர். கண்ணாடிக்கடையில் பவர் பார்த்து அரை பாயிண்ட் கண்ணாடி மாட்டிவிட்டார்கள். இன்னொருவர் சைனஸ் என்று ஆவி பிடிக்கச் சொன்னார். வீட்டில் எல்லோரும் அவள் போனைப் பிடுங்கி வைத்தார்கள். பெண்பிள்ளைக்குத் தலைவலி என்றால் நம் ஊரில் காரணத்துக்குப் பஞ்சமே கிடையாது.

அந்த வலி எப்படிப்பட்டது என்று அவளிடம் பொறுமையாகக் கேட்டிருந்தால் அவளே சொல்லியிருப்பாள், ஏனென்றால் பிறகு நான் கேட்டபோது அத்தனையும் கோவையாகச் சொன்னாள். படுத்தால் அதிகமாகிறது, தலையணையை உயர்த்தி உட்கார்ந்தால் தேவலை. விடியற்காலையில் வலியே எழுப்பிவிடுகிறது. இருமினாலும் தும்மினாலும் செருப்பு மாட்டக் குனிந்தாலும் மண்டை வெடிக்கிறது. போன வாரத்தைவிட இந்த வாரம் மோசம். மாத்திரை போட்டால் அடங்குவதில்லை. வாந்தி. இதெல்லாம் மண்டைக்குள் அழுத்தம் ஏறுவதன் அடையாளங்கள், படிப்பு டென்ஷனில் வருகிற தலைவலி இப்படி நடந்துகொள்ளாது. கடைசியாக ஒன்று சொன்னாள், அதைக் கேட்டுத்தான் என் தங்கை பயந்தாள்: "எழுந்து நின்னா ரெண்டு கண்ணும் ஒரு செகண்டு இருட்டிட்டு வருதும்மா."

நடுவில் ஒரு சி.டி. ஸ்கேனும் எடுத்தார்கள், நார்மல் என்று வந்தது, எல்லோருக்கும் நிம்மதி. சாதாரண சி.டி.யில் இந்தக் கட்டு பல சமயம் தெரியாது. சிரைகளைத் தனியாகக் காட்டுகிற வீனோகிராம் என்று ஒன்று இருக்கிறது, எம்.ஆர்.ஐ.யிலும் எடுக்கலாம், மருந்து ஏற்றி சி.டி.யிலும் எடுக்கலாம். ஆனால் அதை எடுக்க வேண்டும் என்று யாராவது நினைக்க வேண்டுமே. எங்களுக்கு நினைத்தவர் ஒரு கண் மருத்துவர். கண்ணாடிக்கடையில் எழுத்தைப் படிக்கச் சொல்வது வேறு, இவர் செய்தது வேறு. சொட்டு மருந்து விட்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்காரச் சொல்லி, கண்மணி விரிந்த பிறகு விளக்கு வைத்து உள்ளே பார்த்தார். இரண்டு கண்ணிலும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பார்வை நரம்பு கண்ணுக்குள் வந்து சேர்கிற அந்த வட்டம், ஓரம் தெளிவாக இருக்க வேண்டியது, இரண்டு பக்கமும் வீங்கி மங்கியிருந்ததாம். மூளையின் அழுத்தத்தைக் கத்தி வைக்காமல் கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி இல்லை, ஐந்து நிமிட வேலை. ஒரு தாளில் வீனோகிராம் என்று எழுதி அடிக்கோடு போட்டு, "இன்னிக்கே போங்க, நாளைக்குன்னு வெக்காதீங்க" என்றார். அன்று இரவு மருத்துவமனையில் வைத்துத்தான் அவளுக்கு முதல் வலிப்பு வந்தது. வீட்டிலேயோ வண்டியிலேயோ வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசிப்பதில்லை.

பல நாடுகளில் 624 நோயாளிகளைப் பின்தொடர்ந்த ஒரு பெரிய ஆய்வு 2004இல் வந்தது. அதில் நோய் தொடங்கியதிலிருந்து கண்டுபிடிக்கிற வரை பாதிப் பேருக்கு 7 நாளோ அதற்கு மேலோ ஆகியிருக்கிறது. அதனால் நான் எந்த டாக்டரையும் திட்ட வரவில்லை, நாளொன்றுக்கு எத்தனையோ தலைவலி பார்க்கிறவர்கள். ஆனால் இரண்டாவது முறையும் அதே தலைவலியோடு ஒரு பிள்ளை வந்தால், கண்ணுக்குள் விளக்கு வைத்துப் பார்ப்பதற்கு என்ன செலவு?

இப்போது அந்த மாத்திரைக்கு வருகிறேன். நார்எதிஸ்டிரோன் என்று பெயர். பெண்களுக்கு அதிக ரத்தப்போக்கு மாதிரி பிரச்சினைகளுக்கு மருத்துவர்கள் கொடுக்கிற நல்ல மருந்துதான், அதைக் குறை சொல்லவில்லை. அது உடம்புக்குள் போனதும் அதில் ஒரு பங்கு ஈஸ்ட்ரஜன் வகை ஹார்மோனாக மாறுகிறது, கருத்தடை மாத்திரையில் இருக்கிற அதே சரக்கு. தேதி தள்ளிப்போட எடுக்கிற அளவில் அந்தப் பங்கு ஒதுக்கித்தள்ளுகிற அளவு இல்லை. ஈஸ்ட்ரஜன் ரத்தம் உறைகிற தன்மையைக் கூட்டும் என்பது ஊரறிந்த விஷயம். பெரும்பாலான பெண்களுக்கு ஒன்றும் ஆவதில்லை, அதனால்தான் யாரும் பயப்படுவதுமில்லை. ஆனால் பிறவியிலேயே ரத்தம் சீக்கிரம் உறைகிற தன்மை சில குடும்பங்களில் உண்டு, புரதம் சி, புரதம் எஸ் குறைபாடு என்றெல்லாம் சொல்கிறார்கள், அது இருப்பதே அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிகிற முதல் நாள் இந்த மாத்திரை போட்ட வாரமாக இருக்கலாம். ஈரானில் ரமலான் நோன்பு மாதத்தில், விடுபடாமல் நோன்பு வைப்பதற்காக இந்த மாதிரி ஹார்மோன் மாத்திரை எடுத்த பெண்களிடம் மூளைச் சிரைக் கட்டு வருவதை அங்குள்ள மருத்துவர்கள் எழுதியே வைத்திருக்கிறார்கள். நாளெல்லாம் தண்ணீர் இல்லை, கூடவே மாத்திரை. நம் ஊர் ஆடி மாதத்துக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

அட்டையின் பின்பக்கம் சிவப்புக் கோடு போட்டு, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று அச்சடித்திருக்கிறது. சும்மா பார்ப்போம் என்று எங்கள் பக்கத்தில் ஒரு கடையில் நின்றேன். பள்ளிச் சீருடை மாற்றக்கூட நேரமில்லாத ஒரு பெண், கூட அவள் அம்மா. "அண்ணா, டேட் தள்ளிப்போறதுக்கு" என்று அம்மா குரலைத் தாழ்த்தினார். கடைக்காரர், பெயரைக்கூடக் கேட்காமல், ஒரு ஸ்ட்ரிப்பை உருவி, நாப்கினுக்குச் செய்வது போலவே பேப்பரில் சுற்றி, கறுப்புக் கவரில் போட்டு நீட்டினார். பில் இல்லை. அம்மா, பெண், கடைக்காரர் மூன்று பேருமே ஒருவரையொருவர் பார்க்கவில்லை. வயது என்ன, எத்தனை நாளைக்கு, ஒற்றைத் தலைவலி உண்டா, குடும்பத்தில் யாருக்காவது காலில் ரத்தக்கட்டு வந்திருக்கிறதா, வேறு ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறாளா என்று ஐந்து கேள்வி கேட்க இரண்டு நிமிடம் ஆகாது. வெட்கம்தான் அந்த இரண்டு நிமிடத்தைத் தின்றுவிடுகிறது. இருமல் மருந்துக்கும் தூக்க மாத்திரைக்கும் கெடுபிடி காட்டுகிற மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இதையும் கொஞ்சம் கவனிக்கட்டும். சினைப்பை நீர்க்கட்டிக்கு என்று பல பெண்களுக்கு மாதக்கணக்கில் ஹார்மோன் மாத்திரை எழுதுகிறார்கள், அது சீட்டோடு வருகிறது, அவர்களிடமாவது என்ன மாதிரி தலைவலி வந்தால் நிறுத்திவிட்டு ஓடிவர வேண்டும் என்று சொல்லி அனுப்பலாம்.

கோயில் விஷயத்தில் நான் கருத்து சொல்லப்போவதில்லை, அவரவர் நம்பிக்கை. தள்ளிப்போட்டே ஆகவேண்டும் என்றால் ஒரு மகப்பேறு மருத்துவரைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள், ரத்தக்கட்டு அபாயம் இருக்கிறவர்களுக்கு வேறு மருந்து இருக்கிறதா என்று அவர் பார்ப்பார். இல்லையென்றால் அந்தப் பெண் அடுத்த வருடம் சாமி கும்பிட்டுக்கொள்ளட்டுமே, சாமி எங்கே போகப்போகிறது.

தண்ணீர் விஷயத்தை நான் ஆசிரியையாக இருந்தபோதே பார்த்திருக்கிறேன். காலையில் நிரப்பிக் கொண்டுவந்த பாட்டில் சாயங்காலம் அப்படியே வீட்டுக்குப் போகும். கேட்டால் பதில் வராது, கழிப்பறைப் பக்கம் போய்ப் பார்த்தால் பதில் கிடைக்கும், தாழ்ப்பாள் இல்லாத கதவு, குழாயில் காற்று. தண்ணீர் குடிப்பதற்கென்றே மணி அடிக்கிற பழக்கம் 2019இல் கேரளப் பள்ளிகளில் ஆரம்பித்தது, அப்புறம் நம் மாநிலத்துக்கும் வந்தது. மணி அடிப்பது சுலபம். குடித்த தண்ணீரை விடுவதற்கு இடம் வேண்டும்.

ரத்தசோகையும் அதே கதைதான். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, இது நாடு முழுவதற்குமான கணக்கு. இரும்புச்சத்துக் குறைபாடு வெறும் சோர்வோடு நிற்பதில்லை, மூளைச் சிரைக் கட்டுக்கு அதுவும் ஒரு துணைக் காரணம், பலருக்கு இது தெரியாது. வாரம் ஒருமுறை பள்ளியில் நீல நிற மாத்திரை கொடுக்கிறோம். வயிறு புரட்டுகிறது என்று பாதிப் பிள்ளைகள் நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு, டீச்சர் திரும்பியதும் ஜன்னலுக்கு வெளியே துப்புவார்கள், வகுப்புக்குப் பின்னால் மண்ணில் நீலம் நீலமாகக் கிடக்கும். சாப்பிட்ட பிறகு கொடுத்தால் இந்தப் புரட்டல் பெருமளவு குறையும், வெறும் வயிற்றில் காலைப் பிரேயரில் வைத்துக் கொடுத்தால் துப்பத்தான் செய்வார்கள்.

ஆண்பிள்ளைகளுக்கு வராது என்று யாரும் நினைக்க வேண்டாம். காதில் சீழ் வடிவதை எண்ணெய் விட்டுச் சமாளிக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. சிரைக் கால்வாய் காதின் பின்எலும்பை ஒட்டியே போகிறது என்று மேலே சொன்னேன், அங்கிருந்து கிருமி நேராக அதற்குள் தாவும். ஜிம்மில் உடம்பு ஏற்றுவதற்கு என்று ஆண் ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்கிற பையன்களுக்கும் இந்த அபாயம் உண்டு. சிறுநீரில் புரதம் ஒழுகுகிற குழந்தைகள், ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுக்கிறவர்கள் எல்லாம் ஏற்கெனவே மருத்துவர் கண்காணிப்பில் இருப்பார்கள், அவர்களைப் பற்றி எனக்குக் கவலை குறைவு.

வாட்ஸ்அப்பில் இதற்கெல்லாம் ஒரே காரணம்தான், கொரோனா ஊசி. எங்கள் உறவினர் குழுவிலும் வந்தது. 2021இல் அஸ்ட்ராஜெனகா ஊசிக்குப் பிறகு, இங்கே கோவிஷீல்டு என்று போட்டார்களே அது, மிக அபூர்வமாக மூளைச் சிரையில் கட்டு வந்தது உண்மை. ஆனால் அது ஊசி போட்ட சில வாரங்களுக்குள் வருவது. நம் நாட்டில் 15 முதல் 18 வயதுக்காரர்களுக்கு 2022 ஜனவரி 3 முதல் போட்டது கோவாக்சின், அது வேறு ஊசி. இத்தனை வருடம் கழித்து ஒரு பெண்ணுக்குத் தலைவலி வந்தால் ஊசியைத் திட்டிக்கொண்டு உட்காருவதில் போகிற நேரம்தான் நஷ்டம்.

சிகிச்சையில் ஒரு விஷயத்தைக் கட்டாயம் எழுத வேண்டும், ஏனென்றால் எங்கள் வீட்டில் பெரிய சண்டையே நடந்தது. ஸ்கேனில் கட்டும் இருந்தது, பக்கத்தில் கொஞ்சம் ரத்தக் கசிவும் இருந்தது. டாக்டர்கள் ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் ஹெப்பாரின் ஊசி என்றார்கள். அவள் மாமா ஒருவர், "கசியுதுன்னு சொல்றீங்க, அப்புறம் தண்ணியாக்குற ஊசி போடறேங்குறீங்க, விளையாடறீங்களா?" என்று வராந்தாவில் எகிறிவிட்டார். கேள்வி நியாயமான கேள்விதான். கசிவதே அடைப்பினால்தான், அடைப்பு வளராமல் நிறுத்தினால்தான் கசிவு நிற்கும் என்று அந்த இளம் டாக்டர் கோபப்படாமல் ஒரு துண்டுக் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். 1991இல் ஜெர்மனியில் வெறும் 20 பேரை வைத்து இதைச் சோதித்தார்கள். ஹெப்பாரின் போட்ட 10 பேரில் 8 பேர் முழுக்கத் தேறினார்கள், ஒருவரும் இறக்கவில்லை. போடாத 10 பேரில் 3 பேர் இறந்தார்கள். சின்ன ஆய்வுதான், ஆனால் வித்தியாசத்தைப் பார்த்துவிட்டுப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். கசிவு இருந்தாலும் ஹெப்பாரின் போடுவதுதான் இன்று எங்கும் வழக்கம். உங்கள் வீட்டில் இப்படி ஒரு நிலை வந்து, கையெழுத்துப் போடமாட்டேன் என்று எந்த மாமாவாவது நின்றால் இதைப் படித்துக் காட்டுங்கள்.

நேரத்தோடு பிடித்தால் இது தேறுகிற நோய். மேலே சொன்ன 624 பேரில் ஐந்தில் நான்கு பேர் முழுமையாகவோ, சின்னச் சின்ன உபாதை மட்டும் மிச்சமாகவோ மீண்டிருக்கிறார்கள். தாமதமானால் பறிபோவது உயிர் மட்டுமில்லை, அந்தப் பார்வை நரம்பு வீங்கியே கிடந்தால் கண் நிரந்தரமாக மங்கும். பணம் இல்லை என்று தயங்குகிறவர்களுக்கு: சென்ட்ரல் எதிரே இருக்கிற ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் நரம்பியல் துறையும் எம்.ஆர்.ஐ.யும் உண்டு, தனியாரிடம் கடன் வாங்கிக்கொண்டு போய்த்தான் நிற்க வேண்டும் என்பதில்லை.

தங்கை மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். ரத்தம் கட்டாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை ஓடுகிறது, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டுகிற ஐ.என்.ஆர். பரிசோதனை 2க்கும் 3க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்று அவ்வப்போது பார்க்கிறார்கள். கீரை இந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும், கீரையே கூடாது என்று யாரோ சொல்லி வீட்டில் முருங்கைக்கீரையை நிறுத்திவிட்டார்கள், ரத்தசோகைக்காரிக்கு! டாக்டரிடம் கேட்டதில், ஒரு வாரம் கட்டுக்கட்டாகத் தின்றுவிட்டு அடுத்த வாரம் அறவே விடுவதுதான் கூடாது, ஒரே அளவாகச் சாப்பிடலாம் என்றார். வேறு எந்த டாக்டரிடம் போனாலும், பல் பிடுங்கப் போனால்கூட, இந்த மாத்திரை சாப்பிடுவதைச் சொல்ல வேண்டும். ஈஸ்ட்ரஜன் உள்ள எந்த மாத்திரையும் இனி கூடாது என்று டிஸ்சார்ஜ் தாளில் எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். நாளைக்குக் கல்யாணமாகிக் குழந்தை உண்டானால் முதல் மாதமே அந்தத் தாளைக் காட்ட வேண்டுமாம். என் தங்கை அதை நகல் எடுத்து ஆளுக்கொன்று கொடுத்திருக்கிறாள்.

தங்கை கேட்டுக்கொண்டதால் என் பெயரை அச்சிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை,
பெரம்பூர், சென்னை.